கடைசி வாயும் புதினா மிட்டாயும்

அந்தத் தொழிற்சாலையில் எந்தக் கொப்பரைத் தக்காளி சாஸும் அவர் வாயைத் தாண்டாமல் பாட்டிலைப் பார்த்ததில்லை. கொதித்து இறங்கியதும் கொப்பரைக்காரர் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து ருசி அறைக்கு அனுப்புவார். அங்கே ஸ்டூலில் இருப்பவர் முதலில் பார்ப்பார். உப்பு, புளிப்பு, இனிப்பு எல்லாம் சரி, தீய்ந்த வாசம் இல்லை என்று அவர் சொன்னாலும் குழாய் திறக்காது. மேசையின் தலைப்பக்கம் கைவைத்த நாற்காலி ஒன்று உண்டு. அதில் இருக்கிற மனிதர் ஒரு கரண்டி எடுத்து, கண்ணை மூடி, நாக்கில் உருட்டி, முழுங்கி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து யோசித்துவிட்டு, "விடு" என்று சொல்ல வேண்டும். அந்த ஒற்றைச் சொல்லுக்காகக் கீழே ஒரு கூட்டமே கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அதனால் அவருக்குக் 'கடைசி வாய்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பிழைத்துக் கிடந்தது.

முழுங்கி என்றதைக் கவனிக்க வேண்டும். ருசி அறையின் சட்டம் துப்புவது. வெள்ளை மேசை, சின்னக் கரண்டிகள், வாய் கொப்பளிக்க ஆறிய வெந்நீர், நாக்கைத் துடைக்க உப்பில்லாத ரொட்டித் துண்டு, ஆளுக்கொரு எவர்சில்வர் துப்புக் கிண்ணம். இதுதான் அறையின் சொத்து. கடைசி வாயின் துப்புக் கிண்ணம் மட்டும் எப்போதும் காய்ந்து பளபளவென்றிருக்கும். அதில் முகம் பார்த்து அவர் தலை வாரிக்கொண்டதை நேரில் பார்த்ததாகக் கொப்பரைக்காரர் சத்தியம் செய்வார்.

"துப்பினா பாதிதான் தெரியும். மிச்சத்த தொண்டைதான் சொல்லும்" என்பது கடைசி வாயின் கொள்கை. அவர் விட்ட சாஸில் குறை என்று வெளியிலிருந்து யாரும் சொன்னதில்லை. ஆகையால் மேனேஜரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இப்படி முழுங்கி முழுங்கிப் பெருமை சேர்த்த அந்த உடம்பு ஒருநாள் எதிர்க்கட்சியில் சேர்ந்துகொண்டது. முதலில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சூடு. நெஞ்சு எலும்புக்குப் பின்னாலிருந்து யாரோ தீக்குச்சியைக் கொளுத்தி மெல்ல மேலே தூக்கிக்கொண்டு வருவது போல. பிறகு எதுக்களிப்பு. குனிந்து செருப்பு மாட்டினால் போதும், புளித்த தண்ணீர் அண்ணம்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். காலையில் எழுந்தால் தொண்டை கரகரக்கும். கரண்டியை வாயில் வைக்கும்போதே, இது உள்ளே போய் என்ன செய்யப் போகிறதோ என்று வயிறு முன்கூட்டியே முறுக்கிக்கொள்ளும்.

வெளியே சொல்ல முடியுமா? அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பல் செட் கட்டிக்கொண்டார். கட்டியவர் சும்மா இருக்காமல், "இப்பதான் நல்லா மெல்ல முடியுது" என்று எல்லோரிடமும் சிரித்துக் காட்டினார். வாயில் பிளாஸ்டிக் வைத்திருப்பவர் ருசி சொல்வதா என்று பேச்சு கிளம்பியது. ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்தக் கடிகாரம் கடைசி வாயின் மனதில் இன்றைக்கும் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. பல் போனதற்கே அப்படியென்றால், வயிறு போனவனை விட்டுவைப்பார்களா?

அதனால் அவர் புதினா மிட்டாயைப் பிடித்தார். நெஞ்சு எரியும்போது ஒன்றைப் போட்டால் ஜில்லென்று இறங்கும். கொஞ்ச நேரம் சொர்க்கம். அப்புறம் எரிச்சல் திரும்ப வரும். வரும்போது கூட்டாளிகளையும் அழைத்துக்கொண்டு வரும். இன்னொன்றைப் போடுவார். கால்சட்டையின் இடது பாக்கெட் எந்நேரமும் சரசரத்துக்கொண்டிருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் மச்சினன் வந்து சேர்ந்தான்.

மனைவியின் ஒரே தம்பி. பெயின்ட் கடையில் வேலையாக இருந்தான், கடையை மூடிவிட்டார்கள். "உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லக்கூடாதாங்க?" என்று அவள் தினமும் ஒரு வார்த்தை சொன்னாள். ருசி அறையில் ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. பெயின்ட் வாசத்தில் வருஷக்கணக்காக ஊறிய மூக்குக்கு என்ன தெரியப்போகிறது, நமக்கு இவனால் ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டுத்தான் கடைசி வாய் சிபாரிசு செய்தார். வீட்டில் நல்ல பேர், ஆலையில் ஒரு மந்தமான நாக்கு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கணக்கு தப்பியது. பெயின்டில் வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் பார்த்துப் பழகியவன் அவன். அந்தப் பொறுமையை அப்படியே நாக்குக்குக் கொண்டுவந்துவிட்டான். "இது கொஞ்சம் நேத்து தக்காளி அத்தான்" என்பான். கீழே விசாரித்தால் பாதிக் கூடை முந்தினநாள் வந்ததாக இருக்கும். சரி, குருட்டாம்போக்கில் ஒன்று அமைந்தது என்று விடலாம். ஆனால் அவன் துப்புகிற விதம் இருக்கிறதே!

உட்கார்ந்த இடத்திலிருந்து அசைய மாட்டான். உதட்டைக் குவிப்பான். மெல்லிய கோடாகக் கிளம்பி, கிண்ணத்தின் நட்ட நடுவில் 'டங்' என்று விழும். விளிம்பில் ஒரு துளி கிடையாது, சட்டையில் ஒரு பொட்டு கிடையாது. ஒருநாள் மேனேஜர் அதைப் பார்த்தார். அந்த அம்மாள் லேசில் வாய் திறந்து பாராட்டுகிறவர் இல்லை.

"எவ்வளவு சுத்தமா துப்புறாரு!" என்றார்.

கடைசி வாய் இத்தனை வருஷம் முழுங்கியதை ஒரு ஆள் பாராட்டியதில்லை. துப்பியதற்குப் பாராட்டு. அன்றைக்கு முழுவதும் அந்த 'டங்' அவர் மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். மத்தியானச் சாப்பாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு, வினிகரில் ஊறிய வெங்காயம், மேலே கறுப்புக் காபி. எல்லாவற்றையும் மச்சினன் ரயிலைப் பிடிக்கப்போகிறவன் மாதிரி அள்ளிப் போட்டுக்கொள்வான். அதோடு விட்டானா? முற்றத்து பெஞ்சில் மல்லாக்கப் படுத்து, கையைத் தலைக்குக் கீழே வைத்து, ஒரு தூக்கம். ஒரு ஏப்பம் கூட வராது. கடைசி வாய் எதிரே நின்றபடி காய்ந்த ரொட்டியை மென்றுகொண்டு அவன் வயிறு ஏறி இறங்குவதையே பார்ப்பார். அழகான பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு, வீடு வாசலைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. இன்னொருவன் வயிற்றைப் பார்த்து ஏங்கிய மனிதர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"என்ன அத்தான், அப்படிப் பார்க்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. சட்டையில பட்டன் போயிருக்கு."

"எங்க?"

"போகப்போற மாதிரி இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தால் இன்னும் மோசம். அக்காவுக்குத் தலைகால் புரியாது. ஒரு ஞாயிறன்று பொரித்த கோழியின் நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்துத் தம்பி தட்டில் வைத்தாள்.

"சாப்பிடுடா. மெலிஞ்சு போயிட்ட."

"எனக்கு?" என்றார் கடைசி வாய்.

"உங்களுக்குத்தான் இப்பல்லாம் எதுவும் இறங்க மாட்டேங்குதே. சூப் வச்சிருக்கேன்."

"யார் சொன்னா இறங்கலன்னு? எடு அந்தத் தட்ட."

மச்சினன் ஒரு துண்டு எடுத்தால் இவர் இரண்டு எடுத்தார். அவன் தண்ணீர் குடித்தால் இவர் சோடா குடித்தார். அவன் போய் நாற்காலியில் சாய்ந்தான். இவர் வீராப்பாக சோபாவில் நீட்டிப் படுத்தார். பெல்ட்டைத் தளர்த்துவதுகூடத் தோல்வி என்று இறுக்கமாகவே விட்டார். கொஞ்ச நேரத்தில் அவன் லேசாகக் குறட்டை விட்டான். அவர் மார்புக்குள் கொப்பரை கொதிக்க ஆரம்பித்தது. தொண்டைவரை ஏறியது. எழுந்து, நடப்பது தெரியாமல் நடந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மிட்டாயைப் போட்டுக் கடகடவென்று கடித்தார்.

"உள்ள என்னங்க சத்தம்?" என்றாள் மனைவி.

"பல் விளக்குறேன்."

"மத்தியானத்துலயா?"

"ஏன், மத்தியானத்துல பல்லு இருக்காதா?"

அதற்கு அடுத்த வாரம் மேனேஜர் ருசி அறைக்கு வந்தபோது, ஏதோ வானிலை பேசுவது போல ஒரு பேச்சைப் போட்டார். "நாற்காலிய ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் அவருன்னு மாத்திப் பார்க்கலாமா? நாக்குக்கும் ஓய்வு வேணுமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? கடிகாரத்துக்கு இப்போதே சாவி கொடுக்கிறார்கள் என்று கடைசி வாய்க்குப் புரிந்துவிட்டது. அவருக்கு இப்போது தேவை ஒன்றே ஒன்று. மச்சினன் தவற வேண்டும். ஒரு தடவை, எல்லோர் முன்னாலும்.

கடவுள் கேட்டுவிட்டார் போலிருந்தது. இரண்டு நாள் கழித்துப் பெரிய கொப்பரையிலிருந்து கிண்ணம் வந்தது. மச்சினன் ருசித்தான். டங். "சுத்தமா இருக்கு" என்றான். கடைசி வாய் அன்றைக்குக் காலையிலிருந்து எரிச்சலில் துடித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் படியேறி வரும் சத்தம் கேட்டுத்தான் வாயிலிருந்த மிட்டாயை அவசரமாக முழுங்கியிருந்தார். வெந்நீர் கொப்பளிக்க நேரமில்லை. கரண்டியை எடுத்தார். கண்ணை மூடினார். உருட்டினார். முழுங்கினார்.

தலை சாய்ந்தது. சாய்ந்த தலை நிமிரவில்லை.

"புதினா" என்றார்.

"என்னது?" என்றார் மேனேஜர்.

"இதுல புதினா இருக்கு மேடம். நல்லாவே இருக்கு. அரைக்கிற மிஷினக் கழுவாம விட்டிருக்காங்க." பிறகு ஸ்டூல் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "உனக்குத் தெரியலையா மாப்ள?"

அந்த ஆலையில் புதினா சட்னியும் அரைப்பதுண்டு. சந்தேகத்துக்கு இடமில்லாத குற்றச்சாட்டு. மச்சினன் இன்னொரு கரண்டி எடுத்தான், இன்னொன்றும் எடுத்தான். முகம் சிவந்தது. "எனக்கு அப்படித் தெரியல மேடம்" என்றான். கடைசி வாயை ஒரு பார்வை பார்த்தான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

கொப்பரை நிறுத்தப்பட்டது. மிஷினைப் பிரித்தார்கள். ஆட்கள் உள்ளே தலையை விட்டுத் தேய்த்தார்கள். கொட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் சாஸ் சூட்டிலேயே நின்று நிறம் கறுத்தது. புதினா ஒரு இலை கிடைக்கவில்லை. "மேலயும் கொதிக்குது, கீழயும் கொதிக்குது, நடுவுல நான் கிண்டிக்கிட்டு நிக்கிறேன்" என்று கொப்பரைக்காரர் துடுப்பை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

சாயந்திரம் மேனேஜர் மச்சினனைக் கூப்பிட்டார். "இவ்வளவு பளிச்சுன்னு இருக்கிற வாசத்தையே விட்டுட்டா எப்படி? காலையில ரெண்டு பேரையும் வச்சு மறுபடி பார்ப்போம். அப்புறம் என்ன செய்யிறதுன்னு முடிவு பண்றேன்."

கடைசி வாய் வீட்டுக்கு நடந்துபோகவில்லை, மிதந்துபோனார்.

"உன் தம்பி நாக்கு கால வாரிடுச்சு" என்று மனைவியிடம் சொன்னார். "வேற வாசம் கலந்திருந்தது. அவனுக்குத் தெரியல." எந்த வாசம் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே காபியும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, துணி ஊறப்போடப் போனாள்.

அவர் காபியைக் குடித்தார். தலையைச் சாய்த்தார்.

"காபில என்ன போட்ட?"

"காபித்தூளு."

"புதினா அடிக்குதே."

"நான் ஏன் காபில புதினா போடுறேன்?"

ரொட்டியைக் கடித்தார். "ரொட்டிலயும் இருக்கு. உன் கையில இருக்கா?"

அவள் வாசற்படியில் வந்து நின்றாள். ஒரு கையில் அவருடைய கால்சட்டை, மறுகையில் அதன் இடது பாக்கெட்டிலிருந்து எடுத்த பச்சைத் தாள்கள், ஒரு கொத்து. "புதினாத் தோட்டமே இங்க இருக்கு. யாருக்கு இது? சின்னப் பிள்ளையா நீங்க? ஒவ்வொரு வாட்டி துணி போடும்போதும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன்."

கடைசி வாயின் கையில் கடித்த ரொட்டி அப்படியே நின்றது. மிஷின் பிரிந்து கிடந்த காட்சி கண்முன் வந்தது. வருஷக்கணக்காக உலகத்தின் குறையையெல்லாம் கண்டுபிடித்த வாய், முதல்முறையாகத் தன்னையே ருசி பார்த்துக் குற்றம் சொல்லியிருக்கிறது.

தாளைப் பார்த்தவள் விஷயத்தைக் கறந்துவிட்டாள், பாதியை மட்டும். நெஞ்செரிச்சல் என்ற பாதி. அந்தி சாய்வதற்குள் தெருமுனை கிளினிக்கில் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

டாக்டர் வயதில் சின்னவர். கேள்வி நிறையக் கேட்டார். "சாப்பாடு தொண்டையில சிக்குதா? எடை குறைஞ்சிருக்கா? மலம் கறுப்பாப் போகுதா? வாந்தியில ரத்தம்? படியேறும்போது நெஞ்சு அடைக்குதா, கைப்பக்கம் வலி இழுக்குதா, வேர்க்குதா?" எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றார் கடைசி வாய். "அதுல எது வந்தாலும் மிட்டாய் தேடக்கூடாது, உடனே வரணும். என்ன வேலை பார்க்கிறீங்க?"

"தக்காளி சாஸ் ருசி பார்க்கிற வேல."

"துப்பிடுவீங்கதானே?"

"முழுங்குவேன்."

"நாள் பூராவுமா?"

"கொப்பரைக்கு ஒரு கரண்டி. சந்தேகம்னா ரெண்டு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஒரு தாளில் குழாய் மாதிரி வரைந்தார், கீழே ஒரு பை. "இங்க ஒரு கதவு மாதிரி தசை இருக்கு. சாப்பாடு கீழ போறதுக்குத் திறக்கும், அப்புறம் மூடிக்கணும். உங்களுக்கு அது தொளதொளன்னு ஆயிருச்சு. வயித்துல இருக்கிற அமிலம் மேல வருது. வயிறு அதத் தாங்கும், இந்தக் குழாய் தாங்காது. தக்காளி, வினிகர், எண்ணெயில பொரிச்சது, காபி இதெல்லாம் நிறையப் பேருக்குத் தூண்டிவிடும். அப்புறம் புதினா."

"புதினா குளிர்ச்சியாச்சே?"

"நாக்குக்குக் குளிர்ச்சி. அந்தக் கதவ அது இன்னும் தளர்த்திவிடும். எரியுதுன்னு போட்டிருக்கீங்க, போட்டதால எரிஞ்சிருக்கு."

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அரை மணி கழித்துச் சாப்பாடு. சில வாரம் போட்டுவிட்டுத் திரும்ப வந்து காட்ட வேண்டும், தானாக நீட்டிக்கொண்டே போகக்கூடாது. ஒரேயடியாக வயிறு முட்டத் தின்னாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் படுக்கையே கூடாது. கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்த வேண்டும். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடியும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தலாம், தொப்பையைக் குறைத்தால் இன்னும் நல்லது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட கடைசி வாய்க்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி இருந்தது. "டாக்டர், எனக்கு ஒரு மச்சினன் இருக்கான். பொரிச்சது, வினிகர், காபி, எல்லாம் திங்கிறான். தின்னுட்டு மல்லாக்கப் படுக்கிறான். அவனுக்கு ஏன் வரல?"

"அவர் வயிறு அவருக்கு, உங்க வயிறு உங்களுக்கு."

"பின்னாடியாவது வருமா?"

"ஏங்க!" என்று அதட்டினாள் மனைவி.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். அக்கா அழுதுவிடப்போகிறாளே என்று வந்தானாம். "அத்தான் நாக்கு தப்புமா அக்கா? நான்தான் விட்டிருப்பேன். வேற வேல கிடைக்காமலா போயிடும்?" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரக்கட்டை தேட உள்ளே போனாள்.

அவள் போனதும் அவன் குரலைத் தாழ்த்தினான். "அத்தான், நாளைக்கு மட்டும் அந்த மிட்டாய் போடாம வந்துடுங்க. மறுபடி பார்க்கச் சொல்லுவாங்க."

கடைசி வாய்க்குக் காது அடைத்தது. "உனக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன். ரொம்ப நாளாவே புதினா வாசம்தான்."

"அப்ப ஏன் மேனேஜர் முன்னாடி சொல்லல?"

"எங்க அக்கா வீட்டுக்காரர எப்படி அத்தான் சொல்றது?"

அவன் போய்விட்டான். கடைசி வாய் வாசலிலேயே நின்றார். அவர் எத்தனையோ விதமாகப் பொறாமைப்பட்டிருந்தார். அவன் நாக்குக்கு, அவன் துப்புவதற்கு, அவன் வயிற்றுக்கு, கோழித்துண்டுக்கு. இப்போது இதற்கும் சேர்த்துப் பட வேண்டியதாகிவிட்டது. மூக்கும் இருக்கிறது, வாயையும் கட்டுகிறான், பழியையும் தலையில் தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறான். பெரிய மனுஷன் என்கிற பேரையும் இந்தப் பயலே வாங்கிக்கொண்டு போக வேண்டுமா? வாழ்நாள் பூராவும் ஞாயிற்றுக்கிழமை தோறும் எதிரே உட்கார்ந்து கோழி தின்னுகிற அந்த முகத்தில், 'உங்களுக்காக விட்டுக்கொடுத்தவன்' என்று எழுதி ஒட்டியிருக்குமே! அதை எந்த மாத்திரையால் அணைப்பது? சும்மா இருந்தால் நாற்காலி நிலைக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு காலும் அவன் போட்ட பிச்சையாக இருக்கும்.

மறுநாள் காலையில் மச்சினன் வருவதற்கு முன்பே மேனேஜர் அறைக் கதவைத் தட்டினார்.

"புதினா சாஸ்ல இல்ல மேடம்" என்றார். "என் வாயில இருந்தது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எரிச்சல், மிட்டாய், டாக்டர், கதவு. சொல்லி முடித்ததும் கடிகாரத்தை எதிர்பார்த்து நின்றார். மேனேஜர் எழுந்து ஜன்னல் வழியே கீழே பார்த்தார்.

"ஒரு கொப்பரை போச்சு" என்றார். "நெஞ்சு எரியுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருக்காது. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் ஸ்டூல்ல உட்காருங்க. நாற்காலிய அவர் பார்க்கட்டும். அப்புறம் ஒண்ணு. அந்தக் கிண்ணம் தலை வாரறதுக்கு இல்ல."

அப்படியாக, கடைசி வாய் முதல் வாயானார். பெயர் மட்டும் பழசாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து துப்பப் பழகியது பெரிய வேதனை. உதட்டைக் குவித்தால் முகவாயில் வழிந்தது. வேகமாகத் துப்பினால் மேசையைத் தாண்டியது. முதல் வாரம் பூராவும் சட்டையின் முன்பக்கம், யாரோ குத்திவிட்டுப் போன மாதிரி சிவந்திருந்தது.

"கொஞ்சம் கிட்ட குனிஞ்சு, அத்தான்…" என்பான் மச்சினன் நாற்காலியிலிருந்து.

"தெரியும், தெரியும்."

மாத்திரை வேலை செய்தது. கட்டில் சரிந்து நின்றது. விடிகிற நேரத்தில் தான் கால்மாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போயிருப்பதாக மனைவி குறைப்பட்டாள். தொண்டை கரகரப்பு நின்றது. ரொட்டி ரொட்டியாக ருசித்தது, காபியைக் கண்டால் ஒரு ஏக்கத்தோடு விலகினார். துப்பினாலும் ருசி பாதியாகக் குறையவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் முற்றத்து பெஞ்ச் காலியாகக் கிடந்தது. மச்சினன் படுக்காமல் நின்றுகொண்டிருந்தான். பொரித்த கிழங்கு பாதி அப்படியே இருந்தது. முஷ்டியை மடக்கி நெஞ்சு எலும்பின் மேல் தேய்த்துவிட்டுக்கொண்டான். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிவிட்டு, சரசரக்கிற பாக்கெட்டுக்குள் கையை விட்டான். கடைசி வாய் வேறு பக்கம் பார்ப்பது போல இருந்தார். மனதுக்குள் தேன் இறங்கியது. அந்தக் கை தேய்க்கிற இடம் அவருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும்.

ருசி அறைக்குத் திரும்பியதும் தலைப்பக்கத்துத் துப்புக் கிண்ணத்தைப் பார்த்தார். காய்ந்து, பளபளவென்றிருந்தது. அப்போதுதான், சில நாளாகவே அந்த 'டங்' காதில் விழவில்லை என்பது உறைத்தது.

சும்மா இருந்தால் போதும். இன்னும் கொஞ்ச நாள். அந்த நாற்காலி தானாக நடந்து வந்து அவர் முன்னால் நிற்கும். அன்றும் மறுநாளும் அந்த நினைப்பை நாக்கில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். அதைவிட ருசியான ஒன்றை அவர் அந்த அறையில் ருசித்ததில்லை.

மூன்றாம் நாள் காலை கிண்ணம் வந்தது. கடைசி வாய் ருசித்தார், துப்பினார். பாதி கிண்ணத்தில், பாதி விளிம்பில். மச்சினன் கரண்டியை எடுத்துக் கண்ணை மூடினான். தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. அது அவர் தலை சாய்கிற அதே சாய்வு. இவன் இதை எப்போதிருந்து பார்த்துப் பார்த்துப் பழகினான்?

"ஏண்டா" என்றார். "எப்பேர்ப்பட்ட துப்பு உனக்கு! ஏன் நிறுத்தின?"

வாயில் சாஸோடு அவன் விழித்தான். "இந்த நாற்காலில உட்கார்ந்தா துப்ப மனசு வரல அத்தான்" என்று குழறினான். "நீங்க முழுங்கும்போது பார்த்திருக்கேன். எப்படி இருக்கும் தெரியுமா? நம்மளால அப்படி ஆக முடியுமான்னு நினைப்பேன்."

இத்தனை நாள் தன் பக்கம் மட்டுமே எரிவதாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர், அந்தப் பக்கமும் புகைந்துகொண்டிருந்ததைக் கேட்டதும் ஒரு கணம் சந்தோஷத்தில் திக்குமுக்காடிப்போனார். யாரும் அவரை அவ்வளவு அழகாகப் பாராட்டியதில்லை. வெளிக்காட்டாமல் கையை நீட்டி, காய்ந்த கிண்ணத்தை அவன் முகவாய்க்குக் கீழே தள்ளினார்.

"துப்புடா" என்றார். "அப்புறம் சாயந்திரம் என்கூட டாக்டர்கிட்ட வா. பாக்கெட்ல என்ன இருக்குன்னும் காட்டு."

மச்சினன் உதட்டைக் குவித்தான். மெல்லிய கோடு கிளம்பியது. நட்ட நடுவில்.

டங்.

கடைசி வாய் தன் கிண்ணத்தின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டார். அந்தப் பாவிக்கு இத்தனைக்குப் பிறகும் சட்டையில் ஒரு பொட்டு விழவில்லை.